தெர்மாகோல் பெட்டியில் நாட்டுக்கோழிக் குஞ்சு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, குஞ்சு பொரிக்கும் தெர்மாகோல் பெட்டியில் (இன்குபேட்டர்) 30 முட்டை வைத்ததில் 9 குஞ்சுதான் வந்தது. மீதியை உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் முழுசாக வளர்ந்து உள்ளேயே செத்திருக்கிறது. சேவல் சரியில்லையா?

பதில்: சேவலைத் திட்டாதீர்கள் தம்பி. கூமுட்டையாகப் போயிருந்தால்தான் அதன் மேல் சந்தேகம் வரும். முழுசாக வளர்ந்து கடைசியில் சாவதென்றால் முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள். முட்டை 18 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் நீரை இழக்க வேண்டும். 45 கிராம் முட்டை 40 கிராமுக்கு வர வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை போதிய அளவு பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் விடுகிறது. செத்த குஞ்சு நீர் கோத்து வீங்கியிருந்தால் ஈரம் அதிகம். சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தால், கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை. ஆசையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் முதல் 18 நாள் 50 சதவீதத்தை ஒட்டி, அப்புறம் 65க்கு மேல். மழைக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைக் குறைக்க வேண்டி வரும். முட்டையை எடை போட டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், ஊகமே வேண்டாம்.

கேள்வி: சூடு எவ்வளவு வைக்கலாம்?

பதில்: பெட்டிக்குள் ஃபேன் இருந்தால் 37.5 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5. சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். அதன் சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் ஒரே டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி ஒப்பிடுங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் என்பது இதில் பெரிய விஷயம்.

கேள்வி: எங்கள் ஊரில் தினமும் இரண்டு மணி நேரம் கரன்ட் போகிறது சார்.

பதில்: திறக்காமல், மேலே போர்வையைப் போட்டு வையுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. அடைக்கோழியும் தீனிக்கு எழுந்து போகத்தான் செய்கிறது. சூடு குறைவதைவிட ஏறுவதுதான் ஆபத்து.

கேள்வி: அழுக்கு முட்டையைக் கழுவி வைக்கலாமா? எத்தனை நாள் முட்டை ஆகும்?

பதில்: கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்க் கிருமி உள்ளே போகும். சுத்தமானதாகப் பொறுக்கி வையுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ச்சியான நிழலில் ஒரு வாரம் வரை சேர்க்கலாம்.

கேள்வி: மெஷின் இல்லாமல் முட்டையைக் கையால் திருப்புகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை?

பதில்: மூன்று அல்லது ஐந்து. ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு இரவும் அதே பக்கமாகக் கிடக்காது. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி போட்டால் குழப்பம் வராது. 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டு பத்து மணி நேரம் ஆகிவிட்டது, வெளியே வரவில்லை. உடைத்து எடுக்கவா அண்ணா?

பதில்: வேண்டாம்! 24 மணி நேரம்கூட ஆகும். மஞ்சள் கருவும் ரத்தமும் இன்னும் உள்ளே இழுபட்டுக்கொண்டிருக்கும். இப்போது உரித்தால் ரத்தம் கொட்டும்.

கேள்வி: வாத்து முட்டையையும் சேர்த்து வைக்கலாமா?

பதில்: அதற்கு 28 நாள், கோழிக்கு 21. தனிப் பெட்டி போடுங்கள்.

கேள்வி: பொரித்த குஞ்சு கால் இரண்டும் விரிந்து கிடக்கிறது.

பதில்: செய்தித்தாள் விரித்தீர்களா? வழுக்கும். சாக்குத்துணி போடுங்கள்.