குளிரில் வெளியே நின்று வேலை பார்ப்பவர்கள் பேட்டரியில் சூடாகும் ஜாக்கெட் வாங்கலாமா, அடுக்கடுக்காக உடுத்தினாலே போதாதா?

நின்ற இடத்திலேயே நிற்கிற வேலை என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் உள்ளே போடும் துணிகளைக் குறைத்துக்கொண்டு அதை மட்டும் நம்பிப் போக முடியாது.

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்குக் குளிரில் நிற்கும் வேலை என்று தோன்றுகிறது. எனக்கும் அதேதான். சரக்கு யார்டில் வரிசையாக நிற்கும் லாரிகளின் சீல் எண்ணைச் சரிபார்த்து எழுதும் வேலை. "மூன்று அடுக்கு போட்டால் போதும், ஹீட்டர் ஜாக்கெட் எல்லாம் சொகுசு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

துணி தானாகச் சூட்டை உண்டாக்காது. உடம்பில் உண்டாகும் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சும்மா இருக்கிறவர் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் சூடு வரும். வேகமாக நடந்தால் அது மூன்று நான்கு மடங்காகும். அடுக்கு முறையைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் மலை ஏறுகிறவர்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி, நான் மறுக்கவில்லை. லாரி வரும்வரை அசையாமல் நிற்கிறவனுக்குப் பிடித்து வைக்கவே சூடு குறைவு. அங்கேதான் ஹீட்டர் உதவுகிறது.

எங்கள் யார்டில் முதலில் அடிவாங்குவது கை. கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டு சீல் எண்ணைப் படிக்க வேண்டும். தடித்த கையுறையோடு பேனா பிடிக்க வராது, கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்து எழுத்து கோணலாகப் போகும். கூட வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, கையைத் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை. மார்பையும் முதுகையும் சூடாக வை, கை தானாக வழிக்கு வரும்." உண்மைதான். குளிர் ஏறினால் உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற கை கால் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். நடு உடம்பு சூடாக இருந்தால் விரலுக்கும் ரத்தம் வரும். அதனால் நான் கையில்லாத ஹீட்டர் வெஸ்ட்தான் போடுகிறேன்.

போடும் வரிசை முக்கியம். உடம்போடு ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பனியன். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். ஈரம், உலர்ந்த காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதன் மேல் ஹீட்டர் வெஸ்ட், பிறகு ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, கடைசியில் காற்றுப் புகாத மேல்சட்டை. ஹீட்டரை எல்லாவற்றுக்கும் மேலே போட்டால் பாதிச் சூடு காற்றோடு போய்விடும். நடக்கும்போது அணைத்துவிடுங்கள். வியர்த்த பிறகு நின்றால் முன்பைவிட அதிகமாக நடுங்குவீர்கள்.

அப்புறம் கால். சாக்ஸ் இரண்டு போட்டு ஷூவை இறுக்காதீர்கள், ரத்த ஓட்டம் தடைப்படும். நாங்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்து, மடித்துக் காலடியில் போட்டு நிற்கிறோம். சிமென்ட் தரை உள்ளங்காலிலிருந்து இழுக்கும் சூட்டுக்கு அந்த அட்டை பெரிய தடுப்பு.

பேட்டரி விஷயத்தில் விளம்பரத்தை நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள். 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 37 வாட் மணி. ஹீட்டர் 10 வாட் இழுத்தால் நாலு மணி நேரம்கூட வராது, குளிரில் இன்னும் குறையும். முழு ஷிஃப்டுக்கு இன்னொரு பேட்டரி வேண்டும், அதை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

நான் எந்த பிராண்டையும் விற்க வரவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஒன்று மட்டும்: சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் ஹீட்டர் சாக்ஸ் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். 44 டிகிரிச் சூடுகூட மணிக்கணக்காக ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும், அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

இதெல்லாம் எங்கள் கைக்காசில்தான் நடக்கிறது. கம்பெனி கொடுக்கும் மேல்சட்டை எல்லோருக்கும் ஒரே அளவு. உள்ளே ஃப்ளீஸ் போட்டு ஜிப்பை இழுத்தால் அது நசுங்கி, சூட்டைப் பிடிக்கும் காற்றே உள்ளே இருக்காது. ஒரு அளவு பெரிதாகக் கேட்டதற்கு "கணக்கில் இல்லை" என்றார்கள். கேபினில் வாக்கி டாக்கிக்குச் சார்ஜர் இருக்கிறது, எங்கள் பேட்டரியைச் செருகக் கூடாதாம். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும் என்பதால் வெளியே செருகவும் முடியாது. அதனால் உங்கள் இடத்தில் சார்ஜ் போட அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, எத்தனை பேட்டரி என்று முடிவு செய்யுங்கள்.