விசில் எண்ணும் பெட்டிக்கு முப்பது நாளில் 'உலக பேட்டன்ட்' கிடைக்குமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். குக்கர் விசிலை எண்ணி, நாம் வைத்த கணக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிடும் பெட்டி ஒன்று செய்திருக்கிறேன். பேட்டரி, கரன்ட், சென்சார் எதுவும் கிடையாது. நான்கு மாதத்துக்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டி நானே யூடியூபில் வீடியோ போட்டேன். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரிக் கண்காட்சியிலும் வைத்தேன். இப்போது ஒருவர் 45,000 ரூபாய் கொடுத்தால் 30 நாளில் உலக பேட்டன்ட் சான்றிதழ் கைக்கு வரும், வீடியோ எல்லாம் பிரச்சினையே இல்லை என்கிறார். வீடியோவை அழித்துவிட்டு அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். வீடியோவை அழிப்பதிலும் பயன் இல்லை. ஆனால் உங்கள் பெட்டியில் இன்னும் காப்பாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அந்த 45,000 ரூபாய்க்காரர். உலக பேட்டன்ட் என்று ஒன்று பூமியில் கிடையாது. காப்புரிமையை ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் செல்லுபடியாகும்படி தனித்தனியாகக் கொடுக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் மூலம் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட முடியும், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் எந்தெந்த நாட்டில் வேண்டுமோ அங்கெல்லாம் தனியாகப் பணம் கட்டி, தனியாக வாதாடித்தான் வாங்க வேண்டும்.

முப்பது நாளில் அவர் என்ன சான்றிதழ் தருவார் என்று எனக்குத் தெரியும். வாரம் ஒருவராவது அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருகிறார். ஒன்று, முன்கூட்டியே வெளியிடச் சொல்லி 9-ஆம் எண் படிவம் போடுவார். தனிநபருக்கு அதன் கட்டணம் 2,500 ரூபாய். விண்ணப்பம் சீக்கிரமே அரசு இதழில் வந்துவிடும். அந்தப் பக்கத்தை அச்சடித்து, லேமினேட் செய்து, பேட்டன்ட் வந்துவிட்டது என்று கையில் கொடுப்பார். வெளியீடு என்பது உங்கள் ரகசியத்தை ஊருக்குச் சொல்வது. அதைக் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் இன்னும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்று டிசைன் பதிவு. அது இந்தியாவிலும் இருக்கலாம், பிரிட்டனிலும் இருக்கலாம். கல்லூரிகளில் இந்த பிரிட்டன் டிசைன் சான்றிதழுக்கு இப்போது பெரிய மோகம். பதவி உயர்வுக் கோப்பில் வைக்க அழகாக இருக்கிறது. பிரிட்டனில் டிசைனைப் பதியும்போது அது புதியதுதானா என்று தேடிப் பார்ப்பதே இல்லை. தவிர, டிசைன் காப்பது பொருளின் வெளித்தோற்றத்தை மட்டும்தான். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை அது தொடுவதே இல்லை. உங்கள் பெட்டியின் தோற்றம் ஏற்கெனவே வீடியோவில் வந்துவிட்டதால், அப்படி வாங்கும் பதிவை இங்கே யார் வேண்டுமானாலும் ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

பரிசோதனை இல்லாமல் கிடைக்கும் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2001-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கியோ என்ற வழக்கறிஞர் சக்கரத்துக்கே காப்புரிமை வாங்கினார். ஆமாம், உருளும் அதே சக்கரத்துக்குத்தான். அப்போது அங்கே புதிதாக வந்திருந்த, பரிசோதிக்காமலே பதியும் முறை எவ்வளவு ஓட்டை என்று காட்டவே அவர் அதைச் செய்தார். அந்த வருடமே அதற்கு இக் நோபல் கேலிப் பரிசும் கொடுத்தார்கள். நம்மூர் புரோக்கர்கள் கேலி எதுவும் செய்யவில்லை. அதையே தொழிலாக நடத்துகிறார்கள்.

சரி, வீடியோவுக்கு வருவோம். விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னால் உலகில் எங்கேயாவது வெளிப்பட்டுவிட்டால் அது புதியது ஆகாது. வெளிப்படுத்தியது நீங்களே என்றாலும் இதே கதிதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் எண்ணப் போவதில்லை. இன்றைக்கு நீக்கினாலும், நான்கு மாதம் அது பொதுவெளியில் இருந்தது இருந்ததுதான். ஆகவே அழிப்பதில் நேரம் போக்காதீர்கள். அதன் கீழே 'உள்ளே எப்படி வேலை செய்யுது அண்ணா?' என்று கேட்டிருக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் பதில் போடாதீர்கள்.

உங்கள் வீடியோவைப் பார்த்தேன். பெட்டி கடைசிவரை மூடியே இருக்கிறது. விசில் அடிக்கிறது, 'டக்' என்று சத்தம் வருகிறது, நாலாவது விசிலில் அடுப்புக் குமிழ் திரும்புகிறது. ஆக, விசிலை எண்ணி அடுப்பை அணைக்கும் கருவி என்ற எண்ணம் போய்விட்டது. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம், அது உங்களுக்கு முன்னாலேயே போன எண்ணம். கூகுள் பேட்டன்ட்ஸில் பத்து நிமிடம் தேடினாலே விசில் எண்ணும் கருவிகள் வரிசையாக வரும். அந்தத் தேடலைக்கூட உங்கள் ஆள் செய்யவில்லை.

நீங்கள் எனக்குத் தனியாக அனுப்பிய, மூடி கழற்றிய படங்கள் வேறு கதை சொல்கின்றன. ஆவி அடித்ததும் ஒரு தகரத் தட்டு எழும்புகிறது. அது எழும்பும்போதெல்லாம் பற்சக்கரம் ஒரு பல் நகர்கிறது. வைத்த பல் வந்ததும் முறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு, சைக்கிள் பிரேக் கேபிளை இழுத்துக் குமிழைத் திருப்புகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் பற்சக்கரம், ஸ்பிரிங், கேபிள் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்த சாமான்கள் ஒவ்வொன்றும் தன் வழக்கமான வேலையைத் தனித்தனியாகச் செய்ய, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு.

விஷயம் அந்தப் படங்களில் தெரியும் பிளாஸ்டிக் சிரிஞ்சில்தான் இருக்கிறது. பருப்பு வைத்தால் நுரை ஏறி, குக்கர் ஒரே மூச்சில் விசில் அடிக்காது. புஸ், புஸ் என்று விட்டுவிட்டு அடிக்கும். சாதாரணக் கருவி அதை மூன்று விசிலாக எண்ணி அடுப்பை அணைத்துவிடும், பருப்பு அரைவேக்காட்டில் நிற்கும். நீங்கள் தட்டை சிரிஞ்சின் தண்டோடு கட்டியிருக்கிறீர்கள். தட்டு மேலே போகும்போது ரப்பர் மடல் திறந்து, தடையில்லாமல் போகிறது. இறங்கும்போது மடல் மூடிக்கொள்வதால், காற்று ஊசித் துளை வழியாக மட்டும் கசிந்து, ஏழெட்டு வினாடி எடுத்து மெல்ல இறங்குகிறது. அதற்குள் வரும் அடுத்த புஸ், பாதியில் நிற்கும் தட்டைத்தான் தூக்கும், பல் நகராது. இது வீடியோவில் இல்லை. என் பார்வைக்கு வந்த பழைய கருவிகளிலும் இல்லை. விண்ணப்பம் இதன் மேல்தான் எழுதப்பட வேண்டும். அவசரக்காரர் 'குக்கர் விசில் கருவி' என்று பொத்தாம் பொதுவாக ஒரு பக்கம் எழுதி, சிரிஞ்சைக் கடைசி வரியில் சொருகிவிடுவார்.

இந்த விக்கலைக் கவனித்துச் சொன்னது மனைவிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கவனித்ததோடு, தட்டு மெல்ல இறங்கினால் சரியாகிவிடும் என்ற வழியையும் அவர் சொல்லியிருந்தால், கண்டுபிடிப்பாளர் இடத்தில் அவர் பெயரும் வந்தாக வேண்டும். அதே இடத்தில் புரோக்கர் தன் பெயரையோ யாரோ ஒரு பேராசிரியர் பெயரையோ சேர்க்கச் சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். இது நிறைய நடக்கிறது. உங்கள் மனைவி விண்ணப்பதாரராகவும் இருந்தால் இன்னொரு லாபம் உண்டு: பெண் விண்ணப்பதாரர் இருக்கும் விண்ணப்பத்துக்கு விரைவுப் பரிசோதனை கேட்கலாம். சாதாரணப் பரிசோதனைக்கு 4,000 ரூபாய் என்றால் இதற்கு 8,000.

இனி கல்லூரிக் கண்காட்சி. இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கண்காட்சியில் வைத்தாலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் போதும் என்று ஒரு விலக்கு, 31-ஆவது பிரிவில், உண்மையாகவே இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஆயிரம் பேர் ஆலோசனை சொல்கிறார்கள். எந்தக் கண்காட்சி என்பதுதான் கேள்வி. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, இந்தப் பிரிவு இதற்குப் பொருந்தும் என்று சொன்ன கண்காட்சி மட்டும்தான். கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டினாலும் பொருந்தாது. அமைச்சர் வந்தாலும் பொருந்தாது. கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட சான்றிதழும் பொருந்தாது. அறிவிக்கை இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டால், 'அதெல்லாம் இருக்கும் சார்' என்பார். எண்ணும் தேதியும் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். அறிஞர் சங்கத்தில் வாசிக்கும் கட்டுரைக்கும் இதே 12 மாதச் சலுகை உண்டு, ஆனால் யூடியூப் அறிஞர் சங்கம் ஆகாது.

ஆகவே உங்கள் விஷயத்தில் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கு மூடியைக் கழற்றி யாருக்காவது உள்ளே காட்டினீர்களா? மூடியே வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. சிரிஞ்சை எடுத்து மாணவர்களுக்கு விளக்கியிருந்தால் அதுவும் போயிற்று. என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூடியே இருந்தது என்றால் இந்த வாரமே போடுங்கள். தென் மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், காகிதமாக நேரில் கொடுத்தால் 1,750. புரொவிஷனல், அதாவது முழு விவரம் பிறகு தருவதாகத் தற்காலிக விண்ணப்பம், போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும், தவறினால் கைவிட்டதாகவே கொள்வார்கள். பரிசோதனைக்கு 31 மாதத்துக்குள் தனியாகக் கேட்க வேண்டும். முன்பு 48 மாதம் இருந்தது, 2024-இல் குறைத்துவிட்டார்கள், பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இன்னும் உண்டு. எழுதிக் கொடுப்பவரின் கூலி தனி. அதற்குப் பணம் கேட்பது நியாயம்தான், ஆனால் அரசுக் கட்டணத்தையும் கூலியையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்பவரிடம் ரசீதைக் கேளுங்கள். எழுதிக் கொடுப்பவர் பதிவு பெற்ற காப்புரிமை முகவரா என்பதைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

நீங்களே எழுதிவிடலாமே என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் விண்ணப்பம் இந்தியில் இருக்க வேண்டும், அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பற்சக்கரத்தைத் தன் கையால் வெட்டியவர், அதைத் தன் மொழியில் விளக்க முடியாத அலுவலகத்தை நாம் இத்தனை வருடமாகக் கிண்டியில் வைத்துக்கொண்டிருக்கிறோம். புரோக்கர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். காசு இல்லை என்றால் குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள். பட்டறைக்காரர்கள், விவசாயிகள் போன்றவர்களின் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்க உதவுவது அவர்கள் வேலைகளில் ஒன்று.

பெட்டியின் மேல் 'பேட்டன்ட் பெற்றது' என்று இப்போதே ஸ்டிக்கர் அடிக்க வேண்டாம். பொய்யாக அப்படிப் போட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விண்ணப்பித்த பிறகு 'விண்ணப்பம் நிலுவையில்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

முகவர் யாராக இருந்தாலும், விண்ணப்பத்தில் உங்கள் ஈமெயிலும் போனும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பரிசோதகரின் முதல் அறிக்கை வந்தால் பதில் சொல்ல 6 மாதம்தான். அது முகவரின் ஈமெயிலுக்கு மட்டும் போய், அவர் போனை எடுக்காமல் இருந்தால், விண்ணப்பம் செத்தது உங்களுக்குத் தெரியவே வராது.