புண்ணுக்கு வைக்கும் மிஷின் ரத்தத்தை உறிஞ்சிவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54, சர்க்கரை உண்டு. அடுப்பில் சேலை பற்றி வலது தொடையிலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை வெந்துவிட்டது. இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. இடது தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தால் ஒரே சீழ். இப்போது ‘சக்‌ஷன் மிஷின்’ வைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்கிறார்கள். அது ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அந்த மிஷின் எடுப்பது புண்ணில் ஊறும் நீரைத்தான். குழாயில் லேசான சிவப்பு தெரிவது சகஜம். பளிச்சென்ற சிவப்பில் ரத்தமாகவே ஓடினால் மட்டும் உடனே மிஷினை நிறுத்தச் சொல்லி நர்ஸைக் கூப்பிடுங்கள். அம்மா ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

முதல் ஒட்டு ஏன் போனது? ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் கசியும் நீரைக் குடித்துத்தான் பிழைத்திருக்கும். அதற்குப் பிறகுதான் கீழிருந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் வந்து சேரும். அந்த நேரத்தில் நடுவில் சீழ் தேங்கினால் தோல் பட்டினியில் செத்துவிடும். ஒரு கிராம் சதையில் 1 லட்சத்துக்கு மேல் கிருமி இருந்தால் ஒட்டு பிடிப்பது சந்தேகம் என்பது எங்கள் பழைய கணக்கு.

அதனால் முதலில் செத்த சதையை மொத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மிஷின் வைப்பது குப்பையின் மேல் பாய் விரிக்கிற கதை. அப்புறம் புண் அளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குழாயை இணைப்பார்கள். மிஷினைப் போட்டதும் ஸ்பாஞ்ச் உலர்ந்த திராட்சை போலச் சுருங்கும். சுருங்கியே இருந்தால் வேலை செய்கிறது. ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் எங்கோ காற்று கசிகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்றுவார்கள். அப்போது வலிக்கும், மறைக்கவில்லை. முன்கூட்டியே வலி மருந்து கேளுங்கள்.

புண் மாதுளை முத்து போலச் சிவந்து, வாடை போனதும் தோல் ஒட்டலாம். ஒட்டிய தோலின் மேலேயே நாலைந்து நாள் சக்‌ஷன் வைப்பதும் உண்டு. தோல் அசையாமல் இருக்கும், அடியில் நீரும் தேங்காது. நாற்று வேர் பிடிக்கும்வரை வயலில் இறங்கக் கூடாது இல்லையா, அதே மாதிரி அந்த நாட்களில் காலை ஆட்டக் கூடாது. தோல் எடுத்த இடம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் யாராவது பத்தியம் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். புண் வழியாகப் புரதம் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தினம் இரண்டு முட்டை, பருப்பு, மீன் கொடுங்கள். சர்க்கரைக்கு இப்போதைக்கு இன்சுலின் போடச் சொன்னால் மறுக்க வேண்டாம்.

இன்னொன்று: முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கிப் படுப்பது அம்மாவுக்குச் சுகமாக இருக்கும். அப்படியே ஆறினால் கால் நீட்ட வராது. தலையணையை எடுத்துவிட்டு, காலை நேராக வைக்க ஸ்பிளின்ட் (மடங்காமல் தாங்கும் பட்டை) வேண்டுமா என்று நாளைக்கே கேளுங்கள்.