23 சிவப்பு விளக்குகள்

வணக்கம் ஆன்ட்டி,

போன வருடம் எங்கள் பள்ளிக்குக் கதைப் பட்டறை நடத்த வந்தீர்கள். நான் கடைசி வரிசை. அன்று எதுவும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

ஜூன் விடுமுறையில் மூன்று இரவு உல்லாசக் கப்பலில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய் வந்தோம். அம்மா, அப்பா, தம்பி ஓர் அறை. நானும் அப்பாயியும் ஓர் அறை. எங்கள் அறைக்குச் சன்னல் கிடையாது. வைஃபை அப்பாவின் கைப்பேசிக்கு மட்டும். ஒன்பது வயதுத் தம்பி நீர்ச்சறுக்கை விட்டு இறங்கவே இல்லை. பதின்ம வயதினருக்கென்று இருந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். எல்லாரும் ஏற்கெனவே நண்பர்கள் மாதிரி இருந்தார்கள், திரும்பிவிட்டேன். பெரியவர்கள் இருக்கும் பகுதிக்குள் விடவில்லை. உண்மையில் செம போர். அம்மாவிடம் சொன்னால், "எவ்வளவு காசு தெரியுமா?" என்றார்.

பள்ளி திறந்ததும் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை. 'நீல வானம் கடலை முத்தமிட்டது, அலைகள் தாலாட்டின' என்று எழுதினேன். நல்ல மதிப்பெண். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

நடந்தது ஒன்றுதான். முதல் இரவு, விடிந்துவிட்டது என்று அப்பாயி என்னை எழுப்பினார். மேல்தளத்துக்குப் போனால் மணி மூன்று. அவருக்குத் தூக்கம் போய்விட்டது, விடியும் வரை அங்கேயே இருந்தோம். இடது பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு. அப்பாயி 23 எண்ணினார். "நான் வந்தப்ப எங்க எண்ணுனேன், வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன்" என்றார். இதைக் கட்டுரையில் எழுதத் தோன்றவில்லை. போர் அடித்தது என்று எழுதலாமா? நான் நன்றி கெட்டவளா?

உயர்நிலை மூன்று மாணவி, யீஷூன் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

பெயர் போடவில்லை. உன் ஆசிரியர் இதைப் படித்தால் கண்டுபிடித்துவிடுவார், அதற்கு நான் பொறுப்பில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. உன் அம்மாமேலும் கோபம் வேண்டாம், அதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். கொரோனா காலத்தில், 2020 நவம்பர் முதல், எந்த ஊருக்கும் போகாத கப்பல் பயணங்களை இங்கே தொடங்கினார்கள், நினைவிருக்கிறதா? உனக்கு இருக்காது, சின்னப் பிள்ளை. பாதிக் கூட்டத்தோடு கிளம்பி, கடலில் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். நாங்களும் போனோம். பதினான்கு வயதில் இருந்த என் மகள் இரண்டு நாளும் தூங்கினாள். "தூங்குறதுக்கா இவ்ளோ காசு கட்டுனேன்?" என்று நான் கத்தியது பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு அந்தப் பயணத்தில் இன்றும் நினைவிருப்பது நான் கத்தியது மட்டும்தான்.

கப்பலில் உன் வயதுக்குத்தான் இடமில்லை. தம்பிக்குச் சறுக்கு, அப்பா அம்மாவுக்கு நாற்காலியும் வெயிலும். பதினைந்து வயதுக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டு, உள்ளே போய்ச் சிநேகம் பிடித்துக்கொள் என்கிறார்கள். முன்பின் தெரியாத பத்துப் பேர் இருக்கும் அறைக்குள் இந்த வயதில் நானும் தயங்கித்தான் நுழைகிறேன்.

இனி அந்தச் சிவப்பு விளக்கு. உன் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்த இடம் அது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் இங்கே துறைமுகப் படகில் வேலை பார்த்த என் மாமா. நம் ஊர்ச் சாலையில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன, கடலில் வலப்பக்கம். நீ போன வழியான மலாக்கா நீரிணையில் 1981 முதல் போகிற கப்பலுக்கு ஒரு தடம், வருகிற கப்பலுக்கு ஒரு தடம் என்று வரைபடத்தில் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பினாங்கை நோக்கிப் போன உன் கப்பல் மலேசியக் கரைப் பக்கத் தடத்தில் போயிருக்கும். சிங்கப்பூரை நோக்கி வருகிறவை சுமத்ரா பக்கம், அதாவது உனக்கு இடது கைப்பக்கம். எல்லாக் கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வருகிற கப்பல் தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் உன்னைக் கடக்கும். அதனால்தான் 23இல் ஒன்றுகூடப் பச்சை இல்லை.

பெரிய கப்பல் என்றால் சிவப்புக்கு மேலே இரண்டு வெள்ளை விளக்குகளும் இருந்திருக்கும், முன்னால் உள்ளது தாழ்வாக, பின்னால் உள்ளது உயரமாக. கப்பல் உன்னைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சிவப்பு சட்டென்று மறையும். பிறகு பின்புறத்து ஒற்றை வெள்ளை மட்டும்தான். பார்த்தாயா? அந்த 23இல் சில வளைகுடாவிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கச்சா எண்ணெய் கொண்டுபோகிறவையாக இருக்கலாம். அவற்றில் பெரியவற்றுக்கு ஒரு விதி உண்டு: கப்பலின் அடிக்கும் கடல்தரைக்கும் இடையே எந்நேரமும் 3.5 மீட்டராவது இருக்க வேண்டும். வீட்டுக்கூரை உயரத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

கட்டுரைக்கு வருகிறேன். முத்தமிடும் வானத்துக்கு மதிப்பெண் கிடைக்கும், தேர்வில் எழுதிக்கொள், நான் தடுக்கமாட்டேன். எனக்கு எழுதும்போது சன்னலில்லாத அறையிலிருந்து தொடங்கு. விளக்கை அணைத்தால் அங்கே நண்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். சன்னலோடு ஓர் அறை எடுத்திருந்தால் அப்பாயி திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்திருப்பார், நீயும் தூங்கியிருப்பாய். போர் அடித்ததையும் தாராளமாக எழுது. வைஃபை இருந்திருந்தால் அந்நேரத்தில் நீ மேல்தளத்துக்குப் போயிருப்பாயா என்பதையும் யோசித்துப் பார்.

ஒரு வேலை தருகிறேன். அப்பாயி தமிழ்நாட்டிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார் என்று கேள். 1970களின் தொடக்கம் வரை என்றால் ரஜூலாவாக இருக்கலாம், 1926இல் கட்டியது. அதற்குப் பிறகு என்றால் சிதம்பரம், 1985இல் தீப்பிடித்த பிறகு அதுவும் நின்றுபோனது. நாகப்பட்டினத்தில் ஏறியிருந்தால் பினாங்கைத் தொட்டு, இதே நீரிணை வழியாகத்தான் வந்திருப்பார். எந்த வருடம் என்பது மறந்திருக்கலாம், கப்பல் பெயர் மறந்திருக்காது. வாந்தி எடுத்த கதையையும் முழுதாகக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஆன்ட்டி