கெய்ட்லின் கிளார்க்கின் பாஸ்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி பாஸ்கெட்பால் அணியில் ஆடுகிறாள். அயோவா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கெய்ட்லின் கிளார்க்கின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, இப்போது பாதி மைதானத்திலிருந்தே பந்தை எறிகிறாள். கோச் திட்டுகிறார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். தூரத்திலிருந்து எறிகிறார், விழுகிறது, கூட்டம் கத்துகிறது. திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் இவரைப்போல் ஒருவரைப் பார்த்ததில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படி என்ன இருக்கிறது இவரிடம்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்தவை துண்டு வீடியோக்கள். அவற்றை வெட்டிப் போடுகிறவர்களுக்குத் தூரத்துப் பந்துதான் வேண்டும். 2024 பிப்ரவரி 15 அன்று மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில், நடு மைதான லோகோவுக்குப் பக்கத்திலிருந்து எறிந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கெல்சி பிளமின் 3,527 புள்ளிகளைக் கடந்தார். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் NCAA அமைப்பின் பெண்கள் பட்டியலில் அதுவரை அதுதான் சாதனை. அதை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அன்று அவர் எடுத்தது 49 புள்ளிகள். அதே ஆட்டத்தில் 13 அசிஸ்ட்டும் கொடுத்தார், அதாவது வாங்கியவர் உடனே கூடையில் போட்ட பாஸ்கள். எனக்குக் கிளார்க் என்றால் அந்தப் பதின்மூன்றுதான்.

கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 22 அடிக்குக் கொஞ்சம் மேல். கிளார்க் 30 அடியிலிருந்தும் போடுவார் என்பதால், அவரைத் தடுப்பவர் அவ்வளவு தூரம் வெளியே வந்தாக வேண்டும். பல நேரம் இரண்டு பேர் வருவார்கள். அப்போது கூடைக்குப் பக்கத்தில் எதிரணியின் ஐந்து பேரில் மூன்று பேர்தான் மிச்சம், அயோவாவுக்கு நான்கு பேர். அந்த நான்கில் யார் தனியாக நிற்கிறார் என்பது கிளார்க்குக்கு முன்பே தெரிந்திருக்கும். அவர் எறிந்த பந்துகளைவிட, எறிந்துவிடுவாரோ என்ற பயம்தான் அந்த அணிக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

மோனிகா சினானோ உடன் ஆடிய 2023 வரையிலான ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். சினானோ கூடைக்கு அடியில் நிற்கும் செண்டர். எறிந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விழும். அவர் முதுகைக் கொடுத்து ஆளைத் தள்ளி இடம் பிடிக்கும்போதே பந்து கிளம்பிவிட்டிருக்கும். திரும்பிக் கையை நீட்டினால் கையில் இருக்கும்.

இது அயோவாவில் நடந்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அந்த மாநிலத்தில் 1993 வரை பள்ளிப் பெண்கள் அணிக்கு ஆறு பேராக ஒரு பாஸ்கெட்பால் ஆடினார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் தாக்குவார்கள், மூன்று பேர் மறு பாதியில் தடுப்பார்கள், யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தைத் தரையில் இரண்டு முறைதான் தட்டலாம். அப்புறம் எறிய வேண்டும், இல்லை பாஸ் கொடுக்க வேண்டும். மாநிலப் போட்டிக்குக் கூட்டம் அள்ளும். அந்த ஆட்டத்தில் பெரிய பெயர் எடுத்த ஜேன் ஜென்சன்தான் பின்னாளில் அயோவாவின் துணைப் பயிற்சியாளராக இருந்து சினானோவைப் போன்ற உள்ளே ஆடுகிறவர்களைப் பழக்கினார். பாஸ்தான் ஆட்டம் என்று வளர்ந்த பாட்டிகளும் அம்மாக்களும் கிளார்க்கைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பாஸ்களின் அருமை அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

புள்ளிக் கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை. 3,951 புள்ளிகள், ஆண், பெண் இரு தரப்பிலும் NCAAவின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் அதுதான் அதிகம். ஆனால் கான்சாஸுக்கு ஆடிய லினெட் வுடர்ட் 1981லேயே 3,649 எடுத்து முடித்துவிட்டார், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில். அப்போது பெண்கள் ஆட்டம் NCAAவின் கீழ் வரவில்லை, அதனால் அது அந்தப் பட்டியலில் சேரவில்லை. அதனால் புள்ளிகளை மட்டும் வைத்து யார் பெரியவர் என்று கேட்டால் நான் தயங்குவேன். அத்தனை புள்ளிகளோடு 1,144 அசிஸ்ட்டும் சேரும்போதுதான் தயக்கம் போகிறது. ஒரே பருவத்தில் புள்ளியிலும் அசிஸ்ட்டிலும் நாட்டிலேயே முதலிடம், அதுவும் இரண்டு தடவை.

குறையும் இருக்கிறது. கடைசி வருடத்தில் ஆட்டத்துக்கு நான்கு முறைக்கு மேல் பந்தை எதிரணியிடம் தொலைத்தார். பாதி அவசரம். மீதி, தோழி அந்த இடத்துக்கு வந்துவிடுவாள் என்று நம்பி அனுப்பியவை, அவள் வந்து சேரவில்லை. இந்த இரண்டாவது வகைப் பிழையை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை.

மகளோடு உட்கார்ந்து 2023 மார்ச்சில் லூயிவில்லுக்கு எதிராக ஆடிய ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். 41 புள்ளிகள், 10 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட். ஒரு அசிஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு புள்ளி என்றால், அயோவாவின் 97 புள்ளிகளில் குறைந்தது 65 அவர் கை வழியாக வந்தவை. முதல் பாதியை எப்படி வேண்டுமானாலும் பாருங்கள். இரண்டாம் பாதியில் பந்தை விட்டுவிட்டு கிளார்க்கின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பாஸ் கொடுப்பதற்கு முன்னால் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார் என்று மகள் எண்ணட்டும். எண்ணிக்கை எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.