தலைமடையில் குவிக்காதீர்கள்: பனி அள்ளியவனின் கேள்வி பதில்

பிறந்தது நீடாமங்கலத்துப் பக்கம். டொரண்டோவில் 14 குளிர்காலம் கடை வளாகங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பனி அள்ளிவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். அங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பதிலைச் சொன்னதும் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் விசா கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி: வெயில் வந்தால் பனி தானே போய்விடும். அதை அள்ள ஒரு கம்பெனியா?

நீங்கள் சொல்வது தைப் பனி. அது தரையைத் துளைக்கும் என்பார்கள், ஆனால் எட்டு மணி வெயிலுக்கு ஓடிவிடும். அங்கே விழுவது மாதக்கணக்கில் கிடக்கும். மேலே கார் ஏறினால் அழுந்தி ஐஸ் ஆகும், அப்புறம் கடப்பாரைதான்.

எடையைக் கணக்குப் போடுங்கள். 10 சென்டிமீட்டர் புதுப் பனி ஒரு சதுர மீட்டரில் சுமார் 10 கிலோ. ஈரப் பனியென்றால் இரண்டு மூன்று மடங்கு. பெரிய கடை வளாகத்தின் கார் நிறுத்தம் ஒரு வேலி இருக்கும் என்று வையுங்கள், அதாவது 6.6 ஏக்கர். 260 டன்னுக்கு மேல் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கினால் கடை திறப்பதற்குள் அவ்வளவையும் ஓரங்கட்ட வேண்டும். பெட்டி மாட்டிய லோடர், பாப்கேட் என்ற குட்டி லோடர், பின்னாலேயே ஐஸை உருக்க உப்பு வண்டி, படிக்கட்டுக்கு மண்வெட்டியோடு இரண்டு ஆள்.

கும்பகோணம்: மகன் டொரண்டோ பக்கத்துப் பிராம்ப்டனில் ஃபிளாட்டில் இருக்கிறான். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறான். பனியை அவன்தான் அள்ள வேண்டுமா?

பொது வழி, கார் நிறுத்தம் எல்லாம் குடியிருப்பு நிர்வாகத்தின் பொறுப்பம்மா. அவர்கள் ஒரு கம்பெனிக்குச் சீசன் ஒப்பந்தம் கொடுத்திருப்பார்கள். மகனை அதை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் வண்டி வரும்? பல இடங்களில் 5 என்று இருக்கும், 4 விழுந்தால் யாரும் வரமாட்டார்கள். உப்பு அதே காசிலா, தனிக் காசா? குவியல் பெருத்துவிட்டால் லாரியில் ஏற்றிப் போவது யார் செலவு? சண்டை வருவது இந்த மூன்றில்தான்.

தனி வீடு வாங்கினால் கதை வேறு. டொரண்டோவில் நகராட்சி இயந்திரம் நுழைய முடியாத இடங்களில், வாசல் நடைபாதையை வீட்டுக்காரர் சுத்தம் செய்ய, பனி நின்றதிலிருந்து 12 மணி நேரம் கெடு என்று நகராட்சி விதி இருக்கிறது. நீங்கள் போய் இருக்கும்போது ஆசையாக இருக்கிறதே என்று மண்வெட்டியைத் தொடாதீர்கள். குளிரும் திடீர் உழைப்பும் சேர்ந்தால் நெஞ்சுக்கு ஆகாது.

திருத்துறைப்பூண்டி: அண்ணா, இந்த வேலைக்கு விசா எப்படி?

நான் ஏஜென்ட் இல்லை தம்பி. வேலை வாங்கித் தருகிறேன் என்று வெளிநாட்டுத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்ட விரோதம். அதை மட்டும் நினைவில் வை.

நாகப்பட்டினம்: இருபது வருஷமாக ஐஸ் பிளான்ட் நடத்துகிறேன். உப்பு போட்டால் ஐஸ் உருகும் என்கிறீர்கள். குல்பிக்காரர் ஐஸ் மேல் உப்பு போடுவது இன்னும் குளிர வைக்கத்தானே? உருக வைப்பதற்கா போடுகிறார்?

உருகுவதால்தான் ஐயா குளிர்கிறது. உப்புத் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, அதற்குக் கீழேதான் உறையும். உப்பு பட்ட ஐஸ் உருக வேண்டியிருக்கிறது, உருகுவதற்குச் சூடு வேண்டும். பானைக்குள் வேறு வழியில்லை, குல்பிப் பாலிலிருந்து அந்தச் சூட்டை இழுக்கிறது. பால் உறைகிறது.

அதே நாகப்பட்டினம்: அப்படியானால் ரோடும் குளிர்ந்து இன்னும் கெட்டியாக உறைய வேண்டுமே. எங்கோ இடிக்கிறது.

ரோடு மூடி போட்ட பானை இல்லை. தரையிலிருந்து, காற்றிலிருந்து, டயர் தேய்ப்பிலிருந்து, வெயிலிலிருந்து சூடு வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் பிளான்டையே பாருங்கள். ஐஸ் கேன்களை எதில் முக்கி வைக்கிறீர்கள்? உப்புக் கரைசலில். மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கத்தில் கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் கட்டியாகிறது, சுற்றி இருக்கும் கரைசல் தண்ணீராகவே ஓடுகிறது. ரோட்டில் நாங்கள் செய்வது அந்தக் கரைசலை உண்டாக்குவது மட்டும்தான்.

ஆனால் எல்லை உண்டு. 23 சதவீதக் கரைசல் மைனஸ் 21 வரை உறையாது என்பது புத்தகக் கணக்கு. களத்தில் மைனஸ் 9, 10 தாண்டினால் சாதா உப்பு படுத்துவிடும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு என்ற வேறு வகை உப்பு, இல்லாவிட்டால் பிடிப்புக்கு வெறும் மணல். கெட்டிக்காரக் கம்பெனிகள் பனி விழும் முன்பே கரைசலைத் தெளித்துவிடும். ஐஸ் தாரில் ஒட்டாது, உப்பும் மிச்சம்.

வேதாரண்யம்: எங்கள் உப்பளத்து உப்பை அங்கே அனுப்ப முடியுமா?

கப்பல் கூலி கட்டாது. ஒன்டாரியோவில் காடரிச் என்ற ஊரில், ஹ்யூரான் ஏரிக்கு அடியில் அரைக் கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் உப்பை வெட்டி எடுக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அது.

தலைஞாயிறு: 2004 சுனாமியில் கடல் ஏறி நிலம் உப்பானதும், ஜிப்சம் போட்டு மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து மீட்டதும் இந்தக் கரை முழுக்கத் தெரிந்த கதை. நீங்கள் காசு வாங்கிக்கொண்டு நிலத்தில் உப்பைக் கொட்டினீர்களா?

கொட்டினேன். தேவைக்கு மேலேயே கொட்டினேன். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். வெள்ளையாகத் தெரிந்தால் நிர்வாகத்துக்கும் திருப்தி. நடைபாதை ஓரத்துப் புல் வசந்தத்தில் கருகிக் கிடக்கும். சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று கனடா அரசின் ஆய்வே 2001-ல் முடிவு கட்டியது. நீர்வாழ் உயிர்களுக்கு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு என்பது அங்கே எல்லை. ஒரு டீஸ்பூன் உப்பு இரண்டு குடம் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். இதில் எனக்குச் சமாதானம் சொல்ல எதுவும் இல்லை.

அதோடு, கொட்டிய உப்பில் பெரும்பகுதி குவியலைத் தப்பான இடத்தில் வைத்ததற்கான தண்டம். என் இரண்டாவது வருடம் ஒரு வளாகத்தில், கை போன வசதிக்கு, மேட்டுப் பக்கம் குவித்தேன். நம் பாஷையில் தலைமடை. பகல் வெயிலில் குவியல் கசிந்தது, தண்ணீர் கார் நிறுத்தத்தின் குறுக்கே சன்னமாக ஓடியது, ராத்திரி கண்ணாடி மாதிரி உறைந்தது. கறுப்பு ஐஸ் என்பார்கள். தார் அப்படியே தெரியும், ஐஸ் தெரியாது. விடியற்காலையில் ஒரு பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தினம் உப்பு போட்டிருந்தோம், ஆனால் எப்போது போட்டோம் என்று எழுதி வைக்கவில்லை. கம்பெனியால் பேச முடியவில்லை.

நடவு வயலில் வடிகால் பார்க்காமல் வரப்பு வெட்டுவோமா? அங்கே போய் அதை மறந்தேன். குவியல் கடைமடையில், சாக்கடை வாய்க்கு அருகில் இருக்க வேண்டும். வாயை அடைக்கக் கூடாது. நவம்பரில் பனி விழும் முன்பே இடத்தை நடந்து பார்த்து, வாட்டம் எந்தப் பக்கம் என்று குறித்துவிட வேண்டும்.

பட்டுக்கோட்டை: கனடா விசாவுக்கு எவ்வளவு ஆகும்?

மேலே பார்க்கவும்.

மயிலாடுதுறை: தங்கை பையன் அங்கே இந்த வேலையில் சேர்ந்திருக்கிறான். ஒரு அறிவுரை சொல்லுங்கள்.

ஒன்று போதாது. பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோயர் இயந்திரம் அடைத்துக்கொண்டால் உள்ளே கையை நுழைக்கக் கூடாது. இன்ஜினை அணைத்த பிறகும் இறுகி நிற்கும் பிளேடு, அடைப்பு விட்டதும் ஒரு சுற்று சுற்றும், விரல் போகும். குச்சியால் தள்ளச் சொல்லுங்கள். பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்து உள்ளே உட்காரும் முன் புகைக்குழாயைத் தோண்டி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விஷவாயு உள்ளே வரும்.

அப்புறம் எழுதச் சொல்லுங்கள். போன நேரம், வெப்பநிலை, போட்ட உப்பு, ஒரு புகைப்படம். தனியார் இடத்தில் பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2021 ஜனவரியில் ஒன்டாரியோவில் சட்டம் வந்தது. நோட்டீஸ் வரும்போது அந்த ராத்திரி யாருக்கு நினைவிருக்கும்?

வலங்கைமான்: வாசல் ஐஸ் மேல் வெந்நீர் ஊற்றலாமா?

ஊற்றினால் நாளைக்கு இரண்டு மடங்கு ஐஸ்.

திருவாரூர்: எங்கள் அடுக்குமாடியில் ஐப்பசி மழைக்குக் கார் நிறுத்தம் குளமாகிறது. வழி சொல்லுங்களேன்.

என் வேலை இல்லை இது. மோட்டார் வாங்கும் முன், இறைத்த தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று வாய்க்கால் வரை நடந்து பாருங்கள். மற்றதற்கு உள்ளூரில் விவரமான ஆள் இருப்பார்.

மன்னார்குடி, வேறொருவர்: விசா...

அடுத்த கேள்வி.

நாகப்பட்டினம், ஐஸ் பிளான்ட்: நேற்று ராத்திரி சோதித்தேன். இரண்டு கட்டி, ஒன்றில் உப்பு. உப்புக் கட்டிதான் சீக்கிரம் கரைந்தது. ஆனால் அதன் தண்ணீரில் தெர்மாமீட்டர் மைனஸ் 8 காட்டியது. இரண்டு பேர் சொன்னதும் சரி என்று வைத்துக்கொள்வோமா?

வைத்துக்கொள்வோம் ஐயா. அந்தத் தண்ணீரை எந்தப் பக்கம் விட்டீர்கள்? தென்னை என்றால் தாங்கிக்கொள்ளும். வாழைப் பக்கம் என்றால் இப்போதே நல்ல தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள்.