சென்னைல நிட்டிங், குரோஷா க்ரூப் ஆரம்பிச்சா எல்லாரும் சேர்ந்து என்ன செய்யலாம்?

எட்டு பேர் சேர்ந்து அபார்ட்மெண்ட்ல க்ரூப் ஆரம்பிக்கப் போறோம், "இந்த வெயில்ல யாரு ஸ்வெட்டர் போடப் போறாங்க, வேஸ்ட் வேலை"ன்னு வீட்ல சொல்றாங்க, சேர்ந்து செய்யற மாதிரி என்ன ப்ராஜெக்ட் இருக்குன்னு கேட்டிருக்கீங்க. அந்த "வேஸ்ட் வேலை"ங்கற வார்த்தையைப் படிச்சப்புறம் பதில் எழுதாம போக மனசு வரல. பசங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் கிடைக்கற ரெண்டு மணி நேரத்துலதான் நீங்க உக்காரப் போறீங்கன்னு நினைக்கறேன். அந்த ரெண்டு மணி நேரத்துக்கும் கணக்கு கேக்க வீட்ல ஒரு ஆள் இருப்பாங்க, எங்க வீட்லயும் இருந்தாங்க.

நாங்க சென்னைல முடிச்சூர் பக்கம். 2015ல ஒன்பது பேர், சனிக்கிழமை மூணு மணிக்கு ஒரு வீட்டு போர்ட்டிகோல உக்காருவோம். அந்த வருஷம் சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பிச்ச மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்னு ஒரு குழு, உலகத்துலயே பெரிய குரோஷா போர்வை போட்டு கின்னஸ்ல இடம் பிடிக்கறதுன்னு இறங்கியிருந்தாங்க. ஆளுக்கு 40 இன்ச்சுக்கு 40 இன்ச் சதுரமா போட்டுக் கொடுக்கணும், எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து ஒரே போர்வை ஆக்குவாங்க, ரெக்கார்ட் முடிஞ்சதும் பிரிச்சு இல்லாதவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. எங்க ஒன்பது பேருக்கும் அந்த கடைசி விஷயம்தான் பிடிச்சுது. (இது குரோஷா மட்டும்தானே, நிட்டிங் வேறயாச்சேன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. தெரியும். ரெண்டு ஊசில போடறது நிட்டிங், ஒரு கொக்கி ஊசில போடறது குரோஷா. ஆனா பத்து பேர் சேர்ந்து ஒரு பொருள் செய்யும்போது வர்ற பிரச்சினை ரெண்டுலயும் ஒண்ணுதான், அதனாலதான் சொல்றேன்.)

அந்தப் பிரச்சினை என்னன்னா அளவு. முதல் மாசம் ஆளுக்கு ஒண்ணு போட்டு எடுத்துட்டு வந்தோம், எல்லாருமே வீட்ல 40 இன்ச் அளந்துட்டுத்தான் வந்திருக்கோம், தரையில ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தா ஒண்ணு கூட ஒண்ணோட ஒத்துப் போகல. ஒரு அக்காவோடது மூணு இன்ச் சின்னது, இன்னொருத்தங்களோடது ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சின்னது. யாரு தப்புன்னு வாக்குவாதமே வந்துடுச்சு. கடைசில பார்த்தா தையல் மெஷின் டப்பால வருஷக்கணக்கா கிடந்த துணி டேப் இழுபட்டு நீண்டு போயிருக்கு, என் டேப்புக்கும் பக்கத்து வீட்டு டேப்புக்கும் முக்கால் இன்ச் வித்தியாசம். அன்னிக்கு சாயங்காலமே எங்க வீட்டுக்காரர், அதே "வேஸ்ட் வேலை"ன்னு சொல்லிட்டிருந்த மனுஷன்தான், மாடில கிடந்த பிவிசி பைப்பை ஸ்டீல் ஸ்கேல் வச்சு குறிச்சு சரியா 40 இன்ச்சுக்கு அறுத்து, முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேச்சுக் கொடுத்தார். அதுக்கப்புறம் எங்களுக்கு அந்தப் பைப்தான் அளவு, டேப்பை யாரும் கையில எடுக்கக் கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டோம்.

அடுத்தது கை. சிலருக்கு கை இறுக்கம், சிலருக்கு லூஸ். இறுக்கமா போடறவங்ககிட்ட "லூசா போடுங்க"ன்னு சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல, பத்து வரிசை லூசா வரும், பதினொண்ணாவதுல பழைய கை வந்துடும். கையை மாத்தாதீங்க, ஊசியை மாத்துங்க. எல்லாரும் 4 எம்எம் ஊசில போட்டா அந்த அக்காவுக்கு 4.5 கொடுத்தோம், மூணு இன்ச் குறைஞ்சது சரியாயிடுச்சு. பெரிய சதுரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அதே நூல்ல உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசா ஒரு துண்டு போட்டு, நாலு இன்ச்சுக்கு எத்தனை ஸ்டிட்ச்னு எண்ணிப் பார்த்துடுங்க. நிட்டிங்குக்கும் இதேதான். இந்த ஒரு வேலையை சோம்பேறித்தனப்பட்டு விட்டா ஒரு மாச உழைப்பைப் பிரிக்கணும்.

நவம்பர் கடைசிக்குள்ள 31 சதுரம் முடிச்சு எங்க வீட்டு பீரோவோட கீழ் தட்டுல வச்சிருந்தேன். டிசம்பர் 1 ராத்திரி என்ன ஆச்சுன்னு சென்னைக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அடையாத்து வெள்ளம் எங்க தெருவுக்குள்ள வந்துடுச்சு. நாங்க மாடி வீட்டுக்காரங்ககூட மூணு நாள் இருந்தோம். இறங்கி வந்து பீரோவைத் திறந்தா (திறக்கவே முடியல, கதவு ஊறிப் போய் கடப்பாறை வச்சு நெம்பினோம்) கல்யாணப் பட்டுப் புடவை சாயம் இறங்கி கூழா கிடக்குது, அதுக்குக் கீழ இந்த 31 சதுரமும் சேத்துல ஊறி ஒரே கட்டியா, தூக்கவே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.

ஊரே மூழ்கிக் கிடக்கும்போது கம்பளிக்கு அழுதாளாம்னு சொல்றவங்க சொல்லட்டும். அழுதேன். அரிசி பருப்பு, ஃப்ரிட்ஜ், பையனோட புக்ஸ் எல்லாம் போச்சு, அதுக்கெல்லாம் அழ நேரம் இல்ல, இதைப் பார்த்ததும் அப்படியே உக்காந்துட்டேன். இதுல என்னோடது அஞ்சுதான், மீதி மத்தவங்களோடது, நம்பி எங்கிட்டக் கொடுத்து வச்சது.

தண்ணி வடிஞ்ச அடுத்த வாரம் பாங்க்ல வேலை பார்க்கற அக்கா ஒருத்தங்க வந்து ஒண்ணை எடுத்து முறுக்கிப் பார்த்துட்டு, "அக்ரிலிக்தானே, ஒண்ணும் ஆகாது, துவைப்போம்"னாங்க. அவங்க சொன்னது சரி. நிஜ ஆட்டு ரோமமா இருந்திருந்தா அந்தத் தண்ணில கிடந்து அலசிப் பிழிஞ்சதுல சுருங்கிக் கட்டியாயிருக்கும். அக்ரிலிக் சுருங்காது, அழுகாது. லாரித் தண்ணி கிடைச்ச நாள்ல எட்டு பேர் மாடில நின்னு, ஒவ்வொண்ணையும் நாலு தண்ணில அலசினோம். மூணாவது தண்ணி வரைக்கும் பக்கெட் டீ மாதிரி இருந்துச்சு, ஓட்டைக்குள்ள சிக்கியிருந்த மணலை விரலால தட்டித் தட்டி எடுத்தோம், டெட்டால் ஊத்தி ஊற வச்சும் அந்தச் சேத்து வாசனை மூணு வெயில் பார்த்தப்புறம்தான் போச்சு. கொடியில தொங்கப் போடாதீங்க, ஈரக் கனத்துல இழுத்துட்டு நீண்டுடும். பாயை விரிச்சுப் படுக்கப் போட்டுத்தான் காய வைக்கணும்.

இதுல ஒரு நஷ்டமும் உண்டு. சீக்கிரம் காயட்டும்னு ஒருத்தங்க நல்ல மனசோட ரெண்டு சதுரத்துக்கு சுட சுட அயர்ன் பாக்ஸ் வச்சுட்டாங்க. அக்ரிலிக்குக்கு சூடு ஆகாது, பிளாஸ்டிக்தானே அது, உப்பலா இருந்த பின்னல் பளபளன்னு அமுங்கி ஈரத்துணி மாதிரி தொங்கிடுச்சு, அதைத் திருப்பிக் கொண்டு வர வழியே இல்ல. மீதி 29ஐயும் பைப்பை வச்சு அளந்து அனுப்பினோம்.

2016 ஜனவரி 31, சென்னைல அந்தப் போர்வை ரெக்கார்ட் ஆச்சு, 11,148.5 சதுர மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 40 இன்ச் சதுரம்னா 10,800ஐ நெருங்கி வருது. அதுல 29 எங்க தெருவோடது, அடையாறுத் தண்ணில மூழ்கி எழுந்தது. எங்க வீட்ல அப்பதான் வொயரிங் மாத்திட்டிருந்தாங்க, என்னால போக முடியல, ரெண்டு பேர் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். யாருக்கு வேணுமோ அவங்களைக் கேக்காம ஊசியை எடுக்காதீங்க. 2017ல நாங்க கேக்காம செஞ்சோம். பிறந்த குழந்தைங்களுக்கு 60 குல்லா போட்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனோம், பூ வச்சது, பட்டன் வச்சது, ரிப்பன் வச்சதுன்னு அவ்ளோ அழகு. அந்த வார்டு சிஸ்டர் பொறுமையா ஒவ்வொண்ணா பார்த்து 22 மட்டும் எடுத்துக்கிட்டாங்க. "பட்டன் வாய்க்குப் போகும்மா, ரிப்பன் கழுத்துல சுத்தும், இந்த புசுபுசு நூல்ல ரோமம் கொட்டுது. வெறும் குல்லா போதும், ஓரம் மட்டும் ரிப் வச்சு இழுபடற மாதிரி போட்டுக் கொடுங்க"ன்னாங்க. எடை குறைவா பிறந்த குழந்தைக்கு தலை வழியாத்தான் உடம்புச் சூடு ரொம்பப் போகும், சென்னையா இருந்தாலும் குல்லா வேணும்னு அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. வெயில்ல யாருக்கு வேணும்னு கேக்கற உங்க வீட்டுக்காரங்ககிட்ட இதைச் சொல்லுங்க. நிறைமாசக் குழந்தைக்கு தலைச் சுற்றளவு 33லேருந்து 35 செ.மீ., குறைமாசத்துக்கு இன்னும் சின்னது. மிச்சம் 38 குல்லாலயும் பூவையும் பட்டனையும் பிரிச்சு, ரோமம் கொட்டினதைத் தனியா எடுத்துட்டு, துவைச்சு மறுபடி கொண்டு போனோம்.

இப்ப நாங்க செய்யறது வேற. என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆச்சு, சிலிக்கான்ல வாங்கின செயற்கை மார்பகம் கனம், மே மாசத்துல வேர்த்துக் கொட்டி தோல் எல்லாம் புண்ணாயிடுச்சு. நூல்லயே மார்பகம் மாதிரி பின்னி உள்ள பஞ்சு அடைச்சு பிராவுக்குள்ள வச்சுக்கறது ஒண்ணு இருக்கு, நிட்டட் நாக்கர்ஸ்னு பேரு, அமெரிக்கால பார்பரா டெமரெஸ்ட்ங்கறவங்க 2011ல ஆரம்பிச்சு இலவசமா கொடுக்கற இயக்கம். மென்மையான காட்டன் நூல்ல போடறதால காத்தோட்டமா இருக்கும், பஞ்சை எடுத்துட்டு துவைச்சுக்கலாம், கூடக் குறைய அடைச்சு அளவு சரி பண்ணிக்கலாம். காயம் முழுசா ஆறி டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான் வச்சுக்கணும். இதை வெளிய பேச கூச்சப்படறாங்க, நான் பேசறேன். எங்க நாத்தனார் முதல் தடவை அதை வச்சுக்கிட்டு ஜாக்கெட் போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னாங்க, ஒண்ணும் சொல்லல, தலைப்பை மட்டும் நேரா இழுத்து விட்டுக்கிட்டாங்க.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லாட்டியும். என் பொண்ணு படிச்ச ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு தையல் பீரியட் டைம்டேபிள்ல இருக்கும், பன்னெண்டு வருஷத்துல அவ அதுல ஊசியைத் தொட்டது விரல் விட்டு எண்ணிடலாம், மீதியெல்லாம் மேத்ஸ் டீச்சர் எடுத்துக்கிட்டாங்க. கேட்டா "பப்ளிக் எக்ஸாம்ல தையலா வரப் போகுது"ன்னாங்க. என் பாட்டிக்கு நாகர்கோவில். அங்க 1820 வாக்குல மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி அம்மா லேஸ் பின்னக் கத்துக் கொடுத்திருக்காங்க, அந்தக் காசுல அடிமையா இருந்த பொண்ணுங்க தங்களையே மீட்டுக்கிட்டாங்கன்னு பாட்டி சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அந்த ஊர்க்காரியோட பேத்தி பொண்ணுக்கு பட்டன் தைக்கத் தெரியாம காலேஜ் போனா. எனக்கு இன்னிக்கும் ஆறல.

சரி, உங்க எட்டு பேருக்கு. முதல் ப்ராஜெக்ட் சின்னதா, ஒரே மாதிரி குல்லா எடுத்துக்கோங்க. ஆஸ்பத்திரில போய்க் கேட்டு அவங்க சொன்ன எண்ணிக்கை மட்டும். நூல் மொத்தமா ஒரே தடவை, லேபிள்ல ஒரே லாட் நம்பர் பார்த்து வாங்குங்க, இல்லாட்டி அதே கலர்லயே ஷேட் மாறும். மாடி வீட்ல பீரோ இருக்கறவங்ககிட்ட முடிச்சதைக் கொடுத்து வைங்க. டேப் வேண்டாம், பைப்போ குச்சியோ ஒண்ணு அறுத்து வச்சுக்கோங்க. எங்களோடது இன்னும் இருக்கு, வெள்ளத்துல மிதந்து பின்பக்கத்து வீட்டு முருங்கை மரத்துல மாட்டியிருந்துச்சு, குறிச்ச பேனாக் கோடு கூட அழியல.